வரலாறு பின்னிருக்கைக்குப் போன முதுநிலைக் கல்வி

கட்டடக்கலையில் ஐந்தாண்டு இளநிலைப் படிப்பை முடித்த மாணவருக்கு இன்று நகர வடிவமைப்பு, மரபுக் கட்டடப் பாதுகாப்பு, நிலத்தோற்ற வடிவமைப்பு என முதுநிலையில் பல பிரிவுகள் உள்நாட்டிலேயே உள்ளன. 1940களில் நிலைமை வேறு. பம்பாயின் சர் ஜே.ஜே. கலைப்பள்ளி கட்டடக்கலையைக் கற்பித்து வந்தது. அதற்கு மேல் கற்க விரும்பியோர் பெரும்பாலும் கடல் கடக்க வேண்டியிருந்தது. அவ்வாறு சென்ற இருவர் பெற்ற கல்வி, விடுதலை பெற்ற இந்தியாவின் பொதுக் கட்டடங்களில் ஆழமாகப் பதிந்தது.

ஒருவர் ஹபீப் ரஹ்மான். வங்காளத்தில் பொறியியல் கற்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1944இல் கட்டடக்கலை முதுநிலைப் பட்டம் பெற்றவர். மற்றவர் அச்யுத் கான்விந்தே. ஜே.ஜே. பள்ளி மாணவரான அவர், இந்திய அரசால் அனுப்பப்பட்டு ஹார்வர்டில் வால்டர் குரோப்பியஸிடம் பயின்றார்.

1919இல் ஜெர்மனியில் பௌஹவுஸ் பள்ளியை நிறுவிய குரோப்பியஸ், 1937இல் ஹார்வர்டுக்கு வந்தார். அவரது பாடத்திட்டத்தில் கட்டடக்கலை வரலாறு பின்னுக்குத் தள்ளப்பட்டது. பழைய பாணிகளை முதலில் கற்பவர் அவற்றை நகலெடுக்கவே முனைவார் என்பது அதன் பின்னிருந்த அச்சம். தேவை, பொருள், கட்டுமான முறை ஆகியவற்றிலிருந்தே வடிவம் பிறக்கவேண்டும் என்பது கொள்கை.

இக்கொள்கை இந்திய மாணவருக்குக் கூடுதல் பொருளுடையதாக இருந்தது. இந்தியப் பாணி என்ற பெயரில் குவிமாடங்களையும் வளைவுகளையும் அடுக்கிய கட்டடங்களைக் காலனிய அரசே ஏராளமாக எழுப்பியிருந்தது. ஆகவே வரலாற்றை விலக்குவது, அவர்களைப் பொறுத்தவரை, ஆட்சியாளர் தொகுத்துத் தந்த வரலாற்றை விலக்குவதும் ஆயிற்று. கான்விந்தேயின் கான்பூர் ஐ.ஐ.டி. வளாகம் இப்பயிற்சியின் வலிமைக்குச் சான்று.

அதன் எல்லை தில்லியில் வெளிப்பட்டது. தாகூர் நூற்றாண்டையொட்டி அகாதெமிகளுக்காக ரஹ்மான் முதலில் வரைந்த திட்டத்தை நேரு ஏற்கவில்லை. வழக்கமான அலுவலகக் கட்டடம் போன்ற ஒன்று, தாகூரின் பெயரைத் தாங்கப் போதாது என்பது அவர் கருத்து. ரஹ்மான் மீண்டும் வரைந்தார். 1961இல் திறக்கப்பட்ட ரவீந்திர பவனில் ஜாலிகளும் நீண்ட சஜ்ஜாக்களும் இடம்பெற்றன.

இதனைப் பழமைக்குத் திரும்பியதாகக் கொள்வது பொருந்தாது. ஜாலி வெயிலை வடிகட்டிக் காற்றை உள்ளே விடுகிறது. சஜ்ஜா சுவரையும் சாளரத்தையும் வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும் காக்கிறது. தேவையிலிருந்து வடிவம் பிறக்கவேண்டும் என்ற குரோப்பியஸின் அளவுகோலாலேயே இவ்விரண்டும் தேறுகின்றன. வரலாறு என்றால் அலங்காரம் என்ற முன்முடிவே, தட்பவெப்பத்தைப் பற்றித் தலைமுறைகள் சேர்த்த அறிவை மறைத்திருந்தது.

தில்லியின் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி 1959இல் உருப்பெற்றது, அகமதாபாத்தில் பி.வி. தோஷி 1962இல் கட்டடக்கலைப் பள்ளியைத் தொடங்கினார். மேற்படிப்பு படிப்படியாக இந்நாட்டுக்குள் வந்தது. மரபுக் கட்டடப் பாதுகாப்பும் ஒரு முதுநிலைப் பட்டமாயிற்று. எனினும் அங்கே வரலாறு ஒரு தனித்துறை. பழைய கட்டடத்தைக் காப்பவர் அதைக் கற்கிறார். புதிய கட்டடத்தை வரைபவர் எவ்வளவு கற்கவேண்டும் என்பதே ரஹ்மானின் இரண்டாம் வரைபடம் இன்றைய பாடத்திட்டங்களிடம் எழுப்பும் வினா.