கோட்டைப்பட்டினம் பக்கம் தூண்டில் போடப் போறீங்களா? எதைப் பிடிக்கலாம், எதை விடணும்?

ஈ.சி.ஆர் என்றாலே நமக்குச் சென்னை - புதுச்சேரிதான் ஞாபகம் வரும். அதே சாலை தெற்கே இறங்கி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தையும் தொட்டுக்கொண்டு போகிறது. இன்ஸ்டாவில் யாரோ கொடுவா பிடிப்பதைப் பார்த்துவிட்டு ராடும் ரீலும் ஆர்டர் போட்டவர்களுக்கு நல்ல இடம். ஆனால், இது மெரினா மாதிரியான கடல் இல்லை.

இது பாக் விரிகுடா. ஆழம் குறைவு, அலையும் குறைவு. கரையோரம் பல இடங்களில் சேறு. அதைத் தாண்டினால் கடல்புல். ஈயக்குண்டு கட்டி அடியில் போட்டால் மீனுக்குப் பதில் புல்லைத்தான் இழுப்பீர்கள். அதனால் மிதவை கட்டி, இரை புல்லுக்கு மேலே நிற்கிற மாதிரி போடுங்கள். எட்டு, ஒன்பது அடி ராடு, நடுத்தர ரீல் போதும். இரைக்கு உயிர் இறால் கிடைத்தால் அதை மிஞ்ச எதுவும் இல்லை. கிடைக்காவிட்டால் கணவாய்த் துண்டு. முள்ளில் இருந்து சீக்கிரம் கழன்று போகாது.

இடம்? ஆறும் ஓடையும் கடலில் சேரும் முகத்துவாரங்கள். தண்ணீர் ஏறும்போதும் வற்றத் தொடங்கும்போதும் மடவைக் கூட்டம் நகரும். அதைத் துரத்திக்கொண்டு கொடுவா வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இந்த ஏற்ற இறக்கம் அதிகம். விடியற்காலையும் அந்தி நேரமும் பெஸ்ட். மணல் பாங்கான இடத்தில் கிழங்கான் கிடைக்கும். பழகுவதற்கு அதுதான் சரியான மீன், குழம்புக்கும் சூப்பர்.

பருவமும் முக்கியம். கச்சான் காற்று வீசும் காலத்தில், அது நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால், இங்கே கரையோரம் அமைதியாக இருக்கும். வாடைக் காற்று தொடங்கிவிட்டால் கடல் கலங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வானிலை எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

முள் குத்தினால்?

முதன்முறை போகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரிய மீனிடம் இல்லை. ஓரா, கெளுத்தி இரண்டுக்கும் முதுகுத் துடுப்பில் விஷ முள் உண்டு. திருக்கைக்கு வாலில். குத்தினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். தோல் வெந்துவிடாமல், தாங்குகிற அளவு சூடான தண்ணீரில் அரை மணி நேரத்துக்கு மேல் அந்த இடத்தை முக்கி வையுங்கள்; சூடு இந்த விஷத்தின் வீரியத்தைக் குறைக்கும். அப்புறம் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், முள் உள்ளே ஒடிந்திருக்கலாம். பலூன் மாதிரி ஊதும் பேத்தை மாட்டினால் திருப்பி விட்டுவிடுங்கள். அதன் விஷம் சமைத்தாலும் போகாது.

சட்டம் என்ன சொல்லுது?

1983-ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், மீன்பிடிப் படகுகளைக் கட்டுப்படுத்த வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலமும் விசைப்படகுகளுக்குத்தான். கரையில் ஒற்றைத் தூண்டிலோடு நிற்பவரை மனதில் வைத்து எழுதியவை அல்ல இவை. 'அப்போ நமக்கு ரூலே இல்லையா ப்ரோ?' என்று கேட்டால், இருக்கிறது. அது வேறொரு சட்டத்தில் இருக்கிறது.

1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், நீங்கள் படகில் இருக்கிறீர்களா, கரையில் இருக்கிறீர்களா என்றெல்லாம் பார்ப்பதில்லை. கடல்பசு, கடலாமை, கடல்குதிரை, கடல் அட்டை எதையும் தொடக் கூடாது. ஆழம் குறைந்த தண்ணீரில் நடக்கும்போது காலடியில் கிடக்கும் அட்டையை போட்டோவுக்காகக் கையில் எடுப்பதுகூட வேண்டாம். முதல் அட்டவணையில் உள்ள உயிரினத்தை வேட்டையாடினால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை.

அதுவும் இந்தக் கடலில் கூடுதல் கவனம் தேவை. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடல்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் அந்தக் கடல்பசு தின்பது, உங்கள் முள்ளில் சிக்கி வரும் அதே கடல்புல்லைத்தான். அறுந்துபோன தங்கூஸைக் கரையிலோ தண்ணீரிலோ விட்டுவிட்டு வராதீர்கள். நைலான் மட்காது, ஆமையின் துடுப்பில் சுற்றினால் இறுகிக்கொண்டே போகும். ஆமை தூண்டிலில் மாட்டிவிட்டால் இழுக்காமல், முள்ளுக்குப் பக்கத்தில் நரம்பை வெட்டிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கொடுவா விஷயத்தில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் வளர்கிறது. பெரிதானதும் பெண்ணாக மாறுகிறது. போட்டோவுக்கு ஆசைப்பட்டு நாம் தூக்கும் ராட்சத மீன் பெரும்பாலும் முட்டையிடும் தாய் மீன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே மீனை 'பாரமுண்டி' என்பார்கள். அங்கே 58 செ.மீ.க்குக் குறைந்ததையும் 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. குட்டியும் தப்பிக்கணும், தாயும் தப்பிக்கணும். நல்ல கணக்கு, இங்கே யாரும் ஸ்கேல் வைத்து அளக்க வராவிட்டாலும் பின்பற்றலாம். விடும்போது கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், காய்ந்த துணியால் பிடித்தால் மீனின் மேல்வழுவழுப்பு போய்விடும். வயிற்றுக்கடியில் சினை ஒட்டியிருக்கும் நண்டுக்கும் இதே மரியாதைதான்.

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் இறங்குதளங்கள் பிழைப்பு நடக்கிற இடம். விசைப்படகுகள் போய் வரும் நாள்களில் அங்கே ராடு வீசிக்கொண்டு நிற்காதீர்கள். எந்த ஊர்க் கரையாக இருந்தாலும், வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் "அண்ணே, இந்தப் பக்கம் தூண்டில் போடலாமா?" என்று கேளுங்கள். எங்கே பாறை, எங்கே வலை விரித்திருக்கிறது, எங்கே சேறு காலை உள்ளே வாங்கும் என்பது எந்த ஆப்பிலும் இல்லை. பிடித்ததை அவர்கள் கரையிலேயே விற்க முயற்சி செய்வது ரொம்பத் தப்பு என்பது என் கருத்து.

"படகுல கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த இந்திய - இலங்கை கடல் எல்லை இந்தக் கரைக்கு எதிரேதான் இருக்கிறது. அதைத் தாண்டியதாகச் சொல்லி இந்தப் பகுதி மீனவர்கள் கைதாகும் செய்தி அடிக்கடி வருகிறது. கடலையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே அந்த நிலை. லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் பக்கத்தில்கூடப் போகாதீர்கள். ஆபத்தென்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. கிளம்பும்முன் போனில் சேவ் பண்ணிக்கொள்ளுங்கள்.