தி ஹேக் 1915: சர்வதேச உறவுகள் துறை மறந்த முன்னோடிகள்

சர்வதேச உறவுகள் என்னும் கல்வித்துறையின் தோற்றத்தைப் பற்றிப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கின்றன. முதல் உலகப் போரின் அழிவைக் கண்ட வேல்ஸ் நாட்டுச் செல்வந்தர் டேவிட் டேவிஸ், 1919இல் அபரிஸ்ட்வித்தில் ஒரு பேராசிரியர் இருக்கையை நிறுவினார். உட்ரோ வில்சனின் பெயரைத் தாங்கிய அவ்விருக்கையில் ஆல்ஃபிரட் சிம்மர்ன் முதலில் அமர்ந்தார். அந்த அறக்கொடையில் டேவிஸின் சகோதரியர் க்வெண்டலின், மார்கரெட் இருவருக்கும் பங்குண்டு என்பது பெரும்பாலும் அடிக்குறிப்போடு முடிந்துவிடும். துறையின் வரலாற்றில் பெண்கள் இடம்பெற்ற விதத்திற்கு இந்த அடிக்குறிப்பே நல்ல சான்று.

உண்மையில், அந்த இருக்கை தோன்றுவதற்கு நான்காண்டுகள் முன்பே, போரின் நடுவில், சர்வதேச ஒழுங்கைப் பற்றி ஒரு பேரவை கூடி விவாதித்திருக்கிறது. 1915 ஏப்ரல் 28 முதல் மே 1 வரை நெதர்லாந்தின் தி ஹேக் நகரில், 12 நாடுகளைச் சேர்ந்த 1,100க்கும் மேற்பட்ட பெண்கள் கூடினர். அதற்கு ஆறு நாட்களுக்கு முன்புதான் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியப் படை குளோரின் நச்சுவாயுவைப் பயன்படுத்தியிருந்தது. அழைப்பு விடுத்தவர்களில் முதன்மையானவர் டச்சு மருத்துவரும் வாக்குரிமைப் போராளியுமான அலெட்டா யாகோப்ஸ். தலைமை தாங்கியவர் அமெரிக்கச் சமூகப் பணியாளர் ஜேன் ஆடம்ஸ். பிரிட்டனிலிருந்து சுமார் 180 பேர் புறப்பட விரும்பியும், கடல்வழி மூடப்பட்டதால் மூவர் மட்டுமே அவையில் இருந்தனர். அமெரிக்கப் பிரதிநிதிகள் வந்த நூர்டாம் என்ற கப்பல் டோவருக்கு அருகே நாள்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டது. இத்தனைக்கும் இடையில் ஜெர்மானியப் பெண்களும் பெல்ஜியப் பெண்களும் ஒரே அவையில் அமர்ந்தார்கள். போருக்கு எந்த நாடு பொறுப்பு என்ற வாதம் அவையில் எழக்கூடாது என்று முன்கூட்டியே விதி வகுத்திருந்தார்கள்.

அங்கே நிறைவேறிய 20 தீர்மானங்களை வெறும் சமாதான வேண்டுகோள்களாகப் படிப்பது தவறு. மக்களின் சம்மதமின்றி எந்த நிலப்பகுதியும் கைமாறக்கூடாது; இரகசிய ஒப்பந்தங்கள் செல்லாதவை; வெளியுறவுக் கொள்கை மக்களாட்சியின் கட்டுப்பாட்டுக்கு உட்பட வேண்டும்; ஆயுத உற்பத்தியில் தனியார் இலாபம் ஒழிய வேண்டும்; நிரந்தரமான சர்வதேச நீதிமன்றம் வேண்டும் என்றெல்லாம் அவை கோரின. போரில் பெண்கள் மீது இழைக்கப்படும் பாலியல் கொடுமைகளைக் கண்டித்தன. அத்துடன், மக்களாட்சி என்ற சொல்லில் பெண்களும் அடக்கம் என்று வலியுறுத்தின. வாக்குரிமையற்ற பெண்களைக் கொண்ட அரசு, தன் மக்களின் பெயரால் போர் தொடுக்கும்போது யாருடைய பெயரால் பேசுகிறது? அரசு என்பதை ஒற்றைக் குரலுடைய ஒரு மனிதனாகப் பாவிக்கும் கோட்பாடுகள் அனைத்திற்கும் எதிரான முதன்மைக் கேள்வி இதுதான்.

மாநாடு முடிந்ததும் அவர்களுடைய தூதுக்குழுக்கள் போரிடும் நாடுகளுக்கும் நடுநிலை நாடுகளுக்கும் சென்று அமைச்சர்களையும் ஆட்சித் தலைவர்களையும் சந்தித்தன. முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இம்முயற்சியை இழிவாகப் பேசினார். பெண்களிடையேயும் ஒருமித்த ஆதரவு இல்லை. பிரிட்டனின் எம்மலின் பேங்க்ஹர்ஸ்ட் போரை ஆதரித்து நின்றார். வில்சனோ, அதுவரை தாம் கண்ட திட்டங்களுள் இதுவே சிறந்தது எனத் தம்மிடம் கூறியதாக ஆடம்ஸ் பதிவு செய்திருக்கிறார். 1918 ஜனவரியில் வில்சன் வெளியிட்ட பதினான்கு அம்சத் திட்டத்துக்கும் ஹேக் தீர்மானங்களுக்கும் உள்ள ஒற்றுமையை வரலாற்றாசிரியர்கள் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆனால் பேராசிரியர் இருக்கை வில்சனின் பெயரால் அமைந்தது. ஆடம்ஸுக்கு 1931இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. அவருடன் ஹேக் சென்ற பொருளியலாளர் எமிலி பால்ச், போர் எதிர்ப்பின் காரணமாக வெல்லெஸ்லி கல்லூரிப் பேராசிரியர் பதவியை இழந்தார். 1946இல் அவருக்கும் அப்பரிசு வந்தது. இருவரும் சமாதானத் தொண்டர்களாக நினைக்கப்பட்டனரே தவிர, சிந்தனையாளர்களாகப் பாடத்திட்டத்தில் நுழையவில்லை.

இந்த மறதி எவ்வாறு நிகழ்ந்தது? 1939இல் ஈ.எச். கார் எழுதிய நூல், போருக்கு இடைப்பட்ட காலச் சிந்தனைகளைக் கற்பனாவாதம் என்று வகைப்படுத்தியது. 1948இல் ஹான்ஸ் மார்கெந்தோவின் பெருநூல் வெளிவந்தபின் யதார்த்தவாதமே துறையின் பொதுமொழியாயிற்று. பூசல் கற்பனாவாதிகளுக்கும் யதார்த்தவாதிகளுக்கும் இடையிலானதாகச் சொல்லப்பட்டது. தோற்ற தரப்பின் பட்டியலில்கூடப் பெண்களின் பெயர்களைத் தேட வேண்டியிருந்தது. அறிஞர்கள் இல்லாமற்போனதால் அன்று. அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணான மெர்ஸ் டேட் 1941இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, ஆயுதக் குறைப்பு முயற்சிகளின் வரலாற்றை அடுத்த ஆண்டே நூலாக வெளியிட்டார். அவரையும் துறை தன் முன்னோடிகளின் வரிசையில் சேர்க்கவில்லை.

நாற்பதாண்டுகள் கழித்தே கதவு மீண்டும் தட்டப்பட்டது. 1988இல் லண்டனிலிருந்து வெளிவரும் ‘மில்லேனியம்’ ஆய்விதழ் பெண்களும் சர்வதேச உறவுகளும் என்ற பொருளில் சிறப்பிதழ் கொண்டுவந்தது. அதில் ஆன் டிக்னர், மார்கெந்தோவின் ஆறு கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுவாசிப்புச் செய்தார். அதிகாரம் என்பது பிறரை அடக்கும் ஆற்றல் மட்டும்தானா, கூடிச் செயல்படும் ஆற்றலும் அதிகாரம் அல்லவா என்று கேட்டார். மனித இயல்பு என மார்கெந்தோ வரைந்த சித்திரம், ஆண்மை என்று சமூகம் வகுத்துவைத்த குணங்களின் ஒருபகுதி மட்டுமே என்று காட்டினார். மறு ஆண்டு சிந்தியா என்லோ வாழைத் தோட்டங்களையும் இராணுவத் தளங்களைச் சுற்றியுள்ள குடியிருப்புகளையும் தூதர்களின் மனைவியரையும் வீட்டுப் பணிப்பெண்களையும் ஒரே நூலில் சேர்த்து ஆராய்ந்தார். இவர்களின் ஊதியமற்ற அல்லது குறைந்த ஊதிய உழைப்பு நின்றுபோனால் சர்வதேச அரசியல் ஒருநாளும் நடவாது என்பது அவருடைய வாதம். நம் மரபின் சொற்களில் கூறுவதானால், அகத்துக்குரியவை என ஒதுக்கப்பட்டவை புறத்தின் நடுவே இருந்து அதைத் தாங்குகின்றன.

இந்நோக்கு தனக்குள்ளேயே சில கேள்விகளை எதிர்கொண்டது. பெண்கள் இயல்பாகவே சமாதானப் பிரியர்கள் என்ற எண்ணத்தை டிக்னர் உள்ளிட்டோர் மறுத்தனர். 1971இல் இந்திராவும் 1982இல் தாட்சரும் போரை வழிநடத்தியதை யாரும் மறக்க முடியாது. பாலினம் என்பது உடலின் இயல்பன்று, அதிகாரத்தைப் பங்கிடும் ஏற்பாடு என்பதே கோட்பாட்டின் அடிப்படை. இன்னொரு கேள்வி மேலும் கூர்மையானது. ஹேக் அவையின் 12 நாடுகளும் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்தவை. அதே வாரத்தில் ஈப்ர் போர்முனையில் இந்தியச் சிப்பாய்கள் நச்சுவாயுவுக்கு நடுவே மடிந்துகொண்டிருந்தார்கள்; அவர்களுடைய தாய்மாருக்கும் மனைவியருக்கும் அந்த அவையில் இருக்கை இல்லை. சந்திரா தல்பதே மொகந்தி 1980களில் எழுதிய கட்டுரை, மேற்கத்தியப் பெண்ணியம் மூன்றாம் உலகப் பெண்களை ஒரே அச்சில் வார்க்கிறது என்று விமரிசித்தபோது, இந்தப் பழைய வெற்றிடத்தையும் சுட்டியது எனலாம்.

2000 அக்டோபர் 31 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1325ஆம் தீர்மானம், சமாதானப் பேச்சுகளில் பெண்கள் பங்குபெற வேண்டும் என்று கூறியது. ஹேக் தீர்மானங்கள் கேட்டதும் அதுவே. இடையில் 85 ஆண்டுகள். அதன் நடைமுறையை ஆராய்ந்து 2015இல் வெளியான உலகளாவிய ஆய்வின் முதன்மை ஆசிரியர் இலங்கைத் தமிழரான ராதிகா குமாரசுவாமி. 1992 முதல் 2011 வரையிலான 31 முக்கிய சமாதான முயற்சிகளில், கையெழுத்திட்டோரில் பெண்கள் 4 சதவீதம், பேச்சுவார்த்தையாளர்களில் 9 சதவீதம் என்பது ஐ.நா. மகளிர் அமைப்பின் கணக்கு.

பெட்ரீசியா ஓவன்ஸும் கத்தரீனா ரீட்ஸ்லரும் 2021இல் பதிப்பித்த தொகுப்பு, மறக்கப்பட்ட பெண் சிந்தனையாளர்களை மீண்டும் துறையின் வரலாற்றுக்குள் கொண்டுவந்தது. அது பழைய கணக்கைத் தீர்க்கும் மரியாதை மட்டுமன்று. யாரைச் சிந்தனையாளர் என்று வகுப்பறையில் படிக்கிறோமோ, அவர்களைப் போன்றவர்களையே நாளை பேச்சுவார்த்தை மேசைக்கும் அழைக்கிறோம். இத்துறையைக் கற்பிப்போர் தம் முதல் பாடத்தை 1919க்குப் பதில் 1915இலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். அப்போது மாணவர் எழுப்பும் கேள்விகளே வேறாக இருக்கும்.