ஒரே ஆறு, இரண்டு கயா

காசி, கயா போய்வந்தவர்கள் கயாவைப் பற்றிப் பேசினால் மூன்றைத்தான் சொல்வார்கள்: பல்குனி நதி, விஷ்ணு பாதம், அக்ஷய வடம். அங்கே எந்தக் காயை விட்டோம், எந்தப் பழத்தை விட்டோம் என்ற பேச்சும் கூடவே வரும். நான் விட்டது பலாப்பழம். இன்றுவரை தொடவில்லை.

எங்கள் குழுவில் 28 பேர். அகல்யாபாய் ஹோல்கர் 18-ம் நூற்றாண்டின் கடைசியில் கட்டுவித்த விஷ்ணு பாதக் கோயிலில் பிண்டம் வைத்து, சாப்பிட்டு முடித்தபோது மதியம் தாண்டிவிட்டது. "புத்தகயா பக்கம்தான், அரை மணி நேரம் பார்த்துவிட்டு வரலாம்" என்றார் அழைத்துச் சென்றவர். குழுவில் மூத்தவர் ஒருவர், "பித்ரு காரியம் பண்ணின கையோட புத்தர் கோயிலுக்கு எதுக்கு? நீங்க போயிட்டு வாங்க" என்று பஸ்ஸிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஊர் திரும்பிய பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

புத்தர் ஞானம் பெற்ற இடத்தை ஒட்டி ஓடுவது நிரஞ்சனா நதி. அது மோகனா நதியோடு சேர்ந்து, பல்குனி என்ற பெயரில் வடக்கே கயாவுக்கு வருகிறது. நாங்கள் காலையில் மணலைத் தோண்டி நீர் எடுத்தது அந்த ஆற்றில்தான். கயா சிராத்தத்தை விரிவாகச் செய்பவர்கள் புத்தகயாவின் போதி மரத்தடியிலும் பிண்டம் வைப்பது பழைய வழக்கம். வடநாட்டுத் தசாவதார வரிசையில் ஒன்பதாவது அவதாரம் புத்தர். நம் பக்கத்தில் பெரும்பாலும் பலராமரைச் சொல்வதால் நமக்கு இந்த உறவு பிடிபடுவதில்லை.

உறவு இருந்த இடத்தில் வழக்கும் இருந்தது. பௌத்தம் அந்தப் பகுதியில் மங்கிய பின், 16-ம் நூற்றாண்டின் இறுதியில் கிரி மரபைச் சேர்ந்த சைவ சந்நியாசிகள் அங்கே மடம் அமைத்தார்கள். நாளடைவில் கோயிலும் மகந்துகள் கைக்கு வந்தது. சிதைந்து கிடந்த கோயிலை 1880-களில் ஆங்கில அரசு பழுதுபார்த்தது. 1891-ல் கொழும்பிலிருந்து அநகாரிக தர்மபாலர் வந்தார். கோயிலின் நிலையைப் பார்த்து மனம் நொந்து, அதே ஆண்டு மகாபோதி சங்கத்தைத் தொடங்கினார். 1895-ல் ஜப்பானிலிருந்து வந்த புத்தர் சிலையை அவர் கோயிலுக்குள் வைக்க, மகந்தின் ஆட்கள் அதை வெளியே எடுத்துவிட்டார்கள். விவகாரம் கல்கத்தா உயர் நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு தர்மபாலருக்குச் சாதகமாக இல்லை.

1920-களில் காங்கிரஸ் சார்பில் விசாரித்த ராஜேந்திர பிரசாத், இரு தரப்பும் சேர்ந்து நிர்வகிக்கலாம் என்று யோசனை சொன்னார். சுதந்திரத்துக்குப் பின் 1949-ல் சட்டம் வந்தது: குழுவில் நான்கு பௌத்தர், நான்கு இந்துக்கள், தலைவராக மாவட்ட ஆட்சியர். 1953-ல் நிர்வாகம் கைமாறியது. தர்மபாலர் அதைப் பார்க்கவில்லை. 1933-லேயே காலமாகிவிட்டார். ஆட்சியர் இந்துவாக இல்லாவிட்டால் வேறொரு இந்துவைத் தலைவராக நியமிக்க வேண்டும் என்ற விதி 2013 வரை இருந்தது. முழு நிர்வாகமும் தங்களுக்கே வேண்டும் என்று பௌத்தர்கள் இன்றும் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. அவர்களுக்கு உலகத்தில் அதைவிடப் பெரிய க்ஷேத்திரம் கிடையாது.

யாருக்கு உரிமை என்பது ஒரு புறம் இருக்கட்டும். அந்த மரத்தடியில் நமக்கு என்ன வேலை என்று கேட்பதற்கு மட்டும் இடமில்லை. நம் முன்னோர் அங்கே போய்த் தங்கள் முன்னோரை நினைத்து எள்ளும் நீரும் விட்டிருக்கிறார்கள்.

இதை அன்று அந்தப் பெரியவரிடம் சொல்லியிருந்தால் இறங்கி வந்திருப்பாரோ என்னவோ. இப்போது அவர் இல்லை. அதனால் இனிமேல் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பணம் கட்டும்போதே புத்தகயாவுக்கு அரை நாள் கேட்டு வாங்குங்கள். அரை மணி நேரம் போதாது.