பல்லைப் பிடித்துக்கொண்ட சிமெண்ட்

மலர்க்குழுத் தம்பிகள் வந்து, "சார், ஏதாவது பழைய கதை எழுதுங்க" என்றார்கள். விடுதிச் சாப்பாட்டையும் பேராசிரியர்களின் கண்டிப்பையும் எழுத எனக்கு முன்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே நான் ஒரு பொருளின் சரித்திரத்தை எழுதுகிறேன். நம்மில் பலரும் கை வலிக்கக் குழைத்த கிளாஸ் அயனோமர் சிமெண்ட்தான் அது.

நாங்கள் படித்த காலத்தில் கடைவாய்ப் பல்லில் சொத்தை என்றால் அமால்கம்தான். வெள்ளிக் கலவைத் தூளையும் பாதரசத்தையும் கல்வத்தில் அரைத்து, துணியில் பிழிந்து, குழியில் வைத்து அமுக்குவோம். 1890களில் அமெரிக்காவின் ஜி.வி.பிளாக் ஒழுங்குபடுத்திக் கொடுத்த முறை அது. உறுதியில் சும்மா சொல்லக்கூடாது, வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் பல்லோடு ஒட்டாது. கழன்று விழாமல் இருக்க, குழியின் உள்பக்கத்தை அகலமாக வெட்ட வேண்டும். சொத்தையோடு நல்ல பல்லும் சேர்ந்து போகும்.

முன்பல்லுக்கு சிலிக்கேட் சிமெண்ட் இருந்தது. கண்ணாடித் தூளும் பாஸ்பாரிக் அமிலமும் சேர்ந்தது. பல் நிறத்தில் பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் வாயிலேயே மெல்லக் கரைந்துவிடும். இருந்தும் அதில் ஒரு விசேஷம் உண்டு. அந்த அடைப்பைச் சுற்றி மறுபடி சொத்தை விழுவது குறைவாக இருந்தது. கண்ணாடியிலிருந்து கசிந்த ஃபுளோரைடுதான் காரணம்.

1960களின் பிற்பகுதியில் மான்செஸ்டரில் டென்னிஸ் ஸ்மித் என்பவர் துத்தநாக ஆக்சைடைப் பாலிஅக்ரிலிக் அமிலத்தோடு கலந்தார். அந்த அமிலம் பல்லில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டது. பல்லோடு தானாக ஒட்டும் சிமெண்ட் அப்படித்தான் கிடைத்தது.

இனி லண்டன். அங்கே அரசு வேதியியலாளர் ஆய்வுக்கூடம் என்று ஒன்று இருந்தது. புகையிலைக் கலப்படத்தைக் கண்டுபிடிக்க 1842இல் தொடங்கியது. அங்கே வேலை பார்த்த ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் பல் டாக்டர்கள் அல்ல, வேதியியல்காரர்கள். 1969 வாக்கில் அவர்கள் செய்த காரியம், கேட்டால் ரொம்ப சுலபமாகத் தோன்றும். சிலிக்கேட்டிலிருந்து கண்ணாடியை எடுத்தார்கள், ஸ்மித்தின் சிமெண்டிலிருந்து அமிலத்தை எடுத்தார்கள், இரண்டையும் கலந்தார்கள். முதலில் அது லேசில் இறுகவில்லை. கண்ணாடியில் அலுமினாவுக்கும் சிலிக்காவுக்கும் உள்ள விகிதத்தை மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் வழிக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு டார்டாரிக் அமிலம் கொஞ்சம் சேர்த்ததும் குழைக்கப் போதிய நேரமும் கிடைத்தது, அதன்பின் சட்டென்று இறுகவும் செய்தது. நம்ம வீட்டுப் புளியில் இருக்கும் அதே அமிலம்தான்!

ஆக, பல்லோடு ஒட்டும், ஃபுளோரைடும் கசியவிடும் ஒரு பொருள் கைக்கு வந்தது. ஆனால் அதன் பெருமை லண்டனில் முடியவில்லை.

1980களின் நடுவில் தான்சானியாவில் யோ ஃப்ரெங்கன் என்ற டச்சுப் பல் மருத்துவர் பணியாற்றினார். கரண்ட் இல்லாத கிராமங்களில் துளைக்கும் மெஷினை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பல்லைப் பிடுங்குவதுதான் வழக்கம். அவர் கைக்கருவியால் மெத்தென்ற சொத்தையை மட்டும் சுரண்டி எடுத்து, ஒட்டும் சிமெண்டால் அடைத்தார். முதலில் பயன்பட்டது ஸ்மித் வழி வந்த சிமெண்ட். 1990களில் தாய்லாந்திலும் ஜிம்பாப்வேயிலும் கிளாஸ் அயனோமரை வைத்து முறையாகச் சோதித்தார்கள். 1994இல் வாய் நலத்தைக் கருப்பொருளாகக் கொண்ட உலக சுகாதார தினத்தில் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையை உலகுக்கு அறிமுகம் செய்தது. 2021இல் அந்நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் கிளாஸ் அயனோமர் இடம்பெற்றது.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? பாதரசத்தைக் குறைக்க 2013இல் மினமாட்டா உடன்படிக்கை வந்தது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய நாடுகள், 2034க்குள் பல் அமால்கத்துக்கு விடை கொடுப்பது என்று முடிவு செய்தன. நல்லதுதான். ஆனால் அமால்கம் மலிவு, ஈர வாயிலும் தாக்குப்பிடிக்கும். கிளாஸ் அயனோமர் ஒரு பக்கச் சொத்தையில் நன்றாக நிற்கிறது. இரண்டு மூன்று பக்கம் போன கடைவாய்ப் பல்லில் மெல்லும் அழுத்தம் தாங்காமல் உடைவது இன்றும் உண்டு. காம்போசிட் வைக்கலாம் என்றால் செலவும் நேரமும் கூடும், உலர்ந்த பல்லும் வேண்டும். முகாமுக்கு வரும் கூலித் தொழிலாளியின் கடைவாய்ப் பல்லுக்கு என்ன பதில்? "பிடுங்கிடலாம்" என்ற பழைய பதிலுக்கே நாம் திரும்பிவிடக் கூடாது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, அந்தப் பதிலைக் கண்டுபிடிக்கும் வேலை உங்களுடையது. அதுவரைக்கும் கையிலிருப்பதை ஒழுங்காகப் பயன்படுத்துங்கள். தூளைக் குறைத்துத் தண்ணியாகக் குழைக்காதீர்கள், பலம் போய்விடும். அளவுக் கரண்டி சும்மா அழகுக்குக் கொடுத்ததல்ல. வேதியியல் துறைப் பக்கமும் அடிக்கடி போய் வாருங்கள். இந்தச் சிமெண்ட் பிறந்தது அப்படிப்பட்ட இடத்தில்தான்.

வளர்க நம் கல்லூரி!