டிரைவர் கேட்காத பிரிண்டர்

எச்.பி. நிறுவனம் 2005-ல் வெளியிட்ட லேசர்ஜெட் 1020 பிரிண்டரை லினக்ஸ் கணினியில் இணைத்தவர்களுக்கு ஒரு சிக்கல் காத்திருந்தது. தன்னை இயக்கும் ஃபர்ம்வேரை அது உள்ளே நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. சுவிட்சைப் போடும் ஒவ்வொரு முறையும் கணினி அந்தக் கோப்பை யூ.எஸ்.பி. கம்பி வழியே அனுப்பியாக வேண்டும். அதுவரை ஒரு தாள்கூட வெளியே வராது. எச்பிளிப் என்ற எச்.பி.யின் லினக்ஸ் மென்பொருள் திறந்த மூலம்தான். ஆனால் இந்த வகை பிரிண்டர்களுக்கு, மூலநிரல் தரப்படாத ஒரு பிளக்இன்னைத் தனியாக இறக்கிச் சேர்க்க வேண்டும். எச்பிளிப்பின் பதிப்பு மாறினால் அதே எண் கொண்ட பிளக்இன்னை மறுபடியும் இறக்க வேண்டும். கணினியைப் புதுப்பித்த மறுநாள் பிரிண்டர் வேலை செய்யாமல் போவதற்கு இதுவே போதும்.

கட்டற்ற மென்பொருளின் வரலாற்றை 1980 வாக்கில் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரிலிருந்து தொடங்குவது வழக்கம். தாள் சிக்கினால் பயனருக்குத் தகவல் போகும்படி செய்ய நினைத்த அந்த ஆய்வக நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு அதன் மூலநிரல் கிடைக்கவில்லை. அது ரகசியத்தின் கதை. பிளக்இன்கள் உருவானதை அதைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. செலவுக் கணக்கையும் பார்க்க வேண்டும். 1985-ல் ஆப்பிள் விற்ற லேசர்ரைட்டரின் விலை 6,995 டாலர். உள்ளே 12 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 1.5 மெகாபைட் நினைவகமும் இருந்தன. அதை இயக்கிய மேக்கின்டோஷைவிட அந்தப் பிரிண்டரே வலிமையான கணினி! பக்கத்தை அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் விவரித்து அனுப்பினால் போதும், எழுத்தையும் கோட்டையும் புள்ளிகளாக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொண்டது. அந்த மொழியின் இலக்கணம் நூலாகவே அச்சாகியிருந்ததால்தான் அதைப் படித்துப் புள்ளிகளாக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளை பீட்டர் டாய்ச் 1988-ல் வெளியிட முடிந்தது. 1990-களில் மேசைக் கணினிகள் வேகம் பெற்றதும் உற்பத்தியாளர்கள் பிரிண்டருக்குள் இருந்த மூளையைக் குறைத்து, வேலையைக் கணினியின் தலையில் கட்டினார்கள். பிரிண்டரின் விலை இறங்கியது, சாதாரண வீடுகளுக்கும் அது வந்து சேர்ந்தது. அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் டெஸ்க்ஜெட் 720 பேசிய பிபிஏ, கேனன் எல்பிபி 2900 பேசிய கேப்ட் போன்ற மொழிகளுக்குப் பொது ஆவணம் இல்லை. லினக்ஸ் தன்னார்வலர்கள் கணினியிலிருந்து பிரிண்டருக்குப் போகும் தரவைப் படித்துப் படித்தே அவற்றை அவிழ்க்க வேண்டியிருந்தது.

அவர்களுடைய உழைப்பு பெரிது. என்றாலும் நிலைமையை மாற்றியது அதுவல்ல, கைபேசி என்றே நினைக்கிறேன். பிரிண்டரும் கணினியும் பேசிக்கொள்வதற்கான ஐபிபி நெறிமுறை 1999-லேயே வெளியாகிவிட்டது. அதே ஆண்டு மைக்கேல் ஸ்வீட் அதை அடித்தளமாகக் கொண்டு கப்ஸ் என்ற அச்சு மென்பொருளை வெளியிட்டார். 2002-ல் ஆப்பிள் அதை மேக் கணினிகளில் ஏற்றுக்கொண்டது. அப்போதும் ஒவ்வொரு மாடலுக்கும் டிரைவர் தேவைப்பட்டது. கணினி வைத்திருப்பவரை ஒரு டிரைவரை நிறுவச் சொல்லலாம். ஐபோன் வைத்திருப்பவரிடம் அப்படிச் சொல்ல வழியில்லை. 2010 நவம்பரில் ஆப்பிள் ஏர்பிரிண்ட்டைக் கொண்டுவந்ததும், எல்லா மாடல்களுக்கும் பொதுவான சில கோப்பு வடிவங்களை ஐபிபி வழியே வாங்கி அச்சிடும் பிரிண்டர்களைத் தயாரிக்க உற்பத்தியாளர்கள் முன்வந்தார்கள். 2013-ல் பிரிண்டர் ஒர்க்கிங் குரூப் இதே வேலையை ஐபிபி எவ்ரிவேர் என்ற பொதுத் தரமாக்கியது. இதன்படி பிரிண்டர் தன் இருப்பை நெட்வொர்க்கில் அறிவிக்கிறது. எந்தெந்தத் தாள் அளவு, இருபக்க அச்சு உண்டா, வண்ணம் உண்டா, எத்தனை டிபிஐ, எந்தக் கோப்பு வடிவம் என்று கணினி கேட்கிறது. பிரிண்டரே பதில் சொல்கிறது. முன்பு டிரைவரோடு வந்த பிபிடி கோப்பில் எழுதி வைத்திருந்த விவரம் இப்போது இயந்திரத்தின் வாயிலிருந்தே வருகிறது. சில்லு மலிவாகிவிட்டதால் மூளையைப் பிரிண்டருக்குள் திரும்ப வைப்பதும் கட்டுப்படியானது.

ரகசியம் ஒழியவில்லை, பிரிண்டருக்குள் போய் ஒளிந்துகொண்டது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். உண்மைதான், உள்ளே இருக்கும் ஃபர்ம்வேர் இன்றும் மூடியதே. ஸ்டால்மன் கேட்டது இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த நிரல் என் கணினியின் செயலியில், என் கோப்புகளுக்குப் பக்கத்தில் ஓடுவதில்லை. நான் லினக்ஸைப் புதுப்பித்தால் உடைவதும் இல்லை. இந்த எல்லைக்கோடு சிறிய லாபம் அல்ல. பழைய பிரிண்டர்கள் என்ன ஆகும் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. பழைய டிரைவரை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே ஐபிபி பிரிண்டரைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள்களை ஓப்பன்பிரிண்டிங் குழு தயாரிக்கிறது. ஆனால் மூடிய பிளக்இன் தேவைப்படும் மாடலுக்கு அங்கேயும் அது தேவைதான். அந்த மாடல்களின் மொழியை உற்பத்தி நின்ற பிறகாவது வெளியிடுவது நிறுவனங்களின் கடமை. புதிய முறை பாதுகாப்பானதா என்ற சந்தேகத்துக்கு 2024 செப்டம்பரில் வலுவான ஆதாரமே கிடைத்தது. யார் அறிவித்தாலும் நம்பி பிரிண்டரைச் சேர்த்துக்கொண்ட கப்ஸ்-பிரவுஸ்டு நிரலின் வழியே, ஒரு போலி பிரிண்டர் கணினிக்குள் கட்டளையை நுழைக்க முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர் சிமோனே மார்கரிட்டெல்லி காட்டினார். அறிவிப்பை அப்படியே நம்பியது புதிய முறையின் குறை. அதை மழுப்பக் கூடாது. எனினும் கட்டளை ஓடியது எங்கே என்று பார்த்தால், பிரிண்டர் சொன்ன பதிலைச் சரிபார்க்காமல் பழைய பிபிடி கோப்பாக மாற்றி எழுதிய இடத்திலும், அந்தக் கோப்பில் உள்ள கட்டளையை இயக்கும் பழைய வடிகட்டியிலும்தான். டிரைவர்கள் மட்டும் பாதுகாப்பானவையா? 2021-ல் வெளியான பிரிண்ட்நைட்மேர் ஓட்டை, விண்டோஸில் டிரைவரை நிறுவும் வழியையே பிடித்துக்கொண்டு கணினியின் உச்ச அதிகாரத்தைக் கைப்பற்ற விட்டது. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட், பிற நிறுவனங்களின் பிரிண்டர் டிரைவர்களைப் படிப்படியாகக் கைவிட்டு ஐபிபி வழிக்கே மாறுவதாக அறிவித்தது.