கிராஞ்சிக் காட்டுக்கு யார் காவல்?

காட்டைக் காக்க வேண்டியவர் யார்? தலைநகரில் இருக்கும் அதிகாரியா, காட்டோரத்தில் வாழும் மக்களா? வெப்பமண்டல நாடுகள் பலவும் கேட்கும் இந்தக் கேள்விக்குக் கிராஞ்சியின் வரலாறு பாதி விடை சொல்கிறது.

1883இல் பூமலையின் கண்காணிப்பாளர் நத்தேனியல் கேன்ட்லி நீரிணைக் குடியேற்றக் காடுகள் பற்றி அறிக்கை அளித்தார். மிளகு, கம்பீர் தோட்டங்களுக்காகச் சிங்கப்பூரின் காடு அதற்குள் பெரும்பாலும் அழிந்திருந்தது. காப்புக் காடுகள் அமைக்கப்பட்டன. ஆனால் பின்னர் அவை நில வருவாய் அதிகாரிகளின் கைக்குப் போயின. வருவாய் பார்க்கும் கண்ணுக்கு மரம் விறகாகத்தானே தெரியும்? 1936இல் பெரும்பாலான காடுகள் பாதுகாப்பை இழந்தன. 1939இல் புக்கித் தீமா, பாண்டான், கிராஞ்சி மூன்றும் மீண்டும் காப்பகங்களாகிப் பூமலையின் பொறுப்பில் வந்தன.

அக்காலத்தில் நகராட்சியிடமும் ஒரு காடு இருந்தது. மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த நீர்ப்பிடிப்புக் காடு அது. காடு போனால் ஊருக்குக் குடிநீர் இல்லை என்பதால் நகராட்சி அதைக் காத்தது. அந்தக் காடு இன்றும் நிற்கிறது. கிராஞ்சியின் சதுப்புநிலக் காட்டுக்கு அப்படி வாதாட ஆளில்லை. 1970களில் கிராஞ்சி ஆற்றின் குறுக்கே அணை எழுந்தது. உப்புநீர் வந்துபோன இடம் நன்னீர்த் தேக்கமானது. குடிநீர்த் தேவை ஒரு காட்டைக் காத்தது, இன்னொன்றை விழுங்கியது.

பக்கத்துச் சுங்கை பூலோவின் கதை வேறு. 1986இல் பறவை ஆர்வலர்கள் அதன் அருமையைக் கண்டு அரசிடம் எடுத்துச் சொன்னார்கள். 1989இல் அது இயற்கைப் பூங்காவாகவும், 2002இல் இயற்கைக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது.

மக்களிடம் அதிகாரத்தைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 2013இல் ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 12 கிராம சபைகளிடம் கேட்டார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன, மலை தப்பியது. இந்தோனேசியாவிலோ 1999 சட்டத்துக்குப் பிறகு மாவட்டத் தலைவர்கள் மரம் வெட்டும் உரிமங்களை வாரி வழங்கினார்கள். 2014இல் அந்த அதிகாரம் மாநிலங்களுக்குப் போனது.

சிங்கப்பூரின் நகர மன்றங்கள் வீடமைப்புப் பேட்டைகளைப் பராமரிக்கின்றன. காடு அவற்றின் பொறுப்பில் இல்லை. 2021இல் கிராஞ்சியில் சுமார் 4.5 ஹெக்டர் காடு, பல்லுயிர் ஆய்வு முடியும் முன்பே தவறுதலாக அழிக்கப்பட்டது. பொதுமக்கள் பகிர்ந்த படங்களால்தான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது. ஆனால், அப்போது மரங்கள் விழுந்துவிட்டிருந்தன.

அதிகாரம் எங்கே இருந்தாலும், வெட்டுவதற்கு முன் அக்கம்பக்கத்தாரைக் கேட்பது கட்டாயமாக வேண்டும். சுங்கை பூலோ பிழைத்ததும் நியம்கிரி பிழைத்ததும் அப்படித்தான்.