வாழும் வழி சொன்ன நூல்கள்: தமிழில் ஒரு வரலாறு

இப்படி நட, இதைத் தவிர் என்று சொல்வதையே முதல் வேலையாகக் கொண்ட நூல்கள் தமிழில் பதினெண்கீழ்க்கணக்கில் திரண்டு நிற்கின்றன. அந்தத் தொகுதியின் பதினெட்டு நூல்களில் பதினொன்று அறநூல்கள். அவற்றில் திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி ஆகிய மூன்றும் மருந்துச் சரக்குகளின் பெயரைத் தாங்கியவை. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்தது திரிகடுகம். அந்நூலின் ஒவ்வொரு பாட்டும் மூன்று செய்திகளைச் சொல்லும். சிறுபஞ்சமூலத்தில் ஐந்து, ஏலாதியில் ஆறு. ஓலை அருமையாகவும் நினைவே நூலகமாகவும் இருந்த காலத்தில் இந்த எண் கணக்குக்குப் பயன் இருந்தது. மூன்று சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டுதான் நினைவுக்கு வந்தால், ஒன்று விட்டுப்போயிற்று என்று சொல்பவருக்கே தெரிந்துவிடும்.

பெருவாயின் முள்ளியார் இயற்றிய ஆசாரக்கோவை இவற்றுள் தனி ரகம். உயர்ந்த தத்துவம் எதையும் அது தேடிப் போவதில்லை. விடியுமுன் எழுவது, எப்போதெல்லாம் நீராட வேண்டும், எந்தத் திசை நோக்கி உண்பது, படுத்தும் நின்றும் உண்ணலாகாது, இனிப்பை முதலிலும் கசப்பைக் கடைசியிலும் உண்பது என்று ஒரு நாளின் நடப்பை நூறு வெண்பாக்களில் வகுத்துவிடுகிறது. வடமொழி ஸ்மிருதிகளின் சாயல் அதில் தெளிவாகத் தெரியும்; அதில் உள்ள பல விதிகள் குலத்தையும் தீட்டையும் ஒட்டியவை. அன்றாட வாழ்க்கைக்கான கையேடு என்று தமிழில் எதையாவது சொல்வதானால் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். ஆனாலும் திருக்குறளும் நாலடியாரும் பெற்ற இடம் அதற்குக் கிடைக்கவில்லை. பழக்கம் மாறியதும் பழக்கத்தை மட்டும் எழுதிய நூலுக்கும் வயதாகிவிட்டது.

பிற்காலத்தில் பிள்ளைகளுக்கென்றே நீதிநூல்கள் எழுந்தன. ஔவையார் பெயரில் வழங்கும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, அதிவீரராம பாண்டியரின் வெற்றிவேற்கை, உலகநாதரின் உலகநீதி, குமரகுருபரரின் நீதிநெறி விளக்கம், சிவப்பிரகாசரின் நன்னெறி. இவற்றைப் பரப்பியது திண்ணைப் பள்ளிக்கூடம். மணலில் விரலால் எழுதி எழுத்துக் கற்ற பிள்ளை அடுத்துத் தொடுவது ஆத்திசூடியாக இருக்கும். அகரவரிசையில் அமைந்ததால் எழுத்தும் நீதியும் ஒரே மூச்சில் உள்ளே போயின. சட்டாம்பிள்ளை சொல்ல மற்றவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். பொருள் புரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. மனப்பாடமானது என்றாவது ஒரு நாள் உதவும் என்பதே அந்தக் கல்வி முறையின் நம்பிக்கை. அறுபது வயதுக்காரர் ஒரு பஞ்சாயத்தில் மூதுரை வெண்பாவை எடுத்துவிட்டால் எதிர்ப்பக்கம் சற்று நேரம் வாயடைத்து நிற்கும். அந்த அளவில் நம்பிக்கை வீண்போகவில்லை. திண்ணைக்கே வர முடியாமல் சாதியால் விலக்கப்பட்டவர்களுக்கு இந்த நீதி எதுவும் எட்டவில்லை என்பதும் அதே வரலாற்றின் பகுதி.

அச்சு வந்தபோது முதலில் ஏறியவற்றில் இந்த நூல்களும் அடக்கம். திருக்குறள் மூலமும் நாலடியார் மூலமும் 1812இல் சென்னையில் அச்சாயின. பாடசாலைகள் பெருகப் பெருக ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மலிவுப் பதிப்புகளாகக் கடைத்தெருவுக்கு வந்தன. ஆனாலும் அச்சில் வந்தது பழைய சரக்குதான். தன் காலத்தைப் பார்த்து நீதி எழுதுவதற்கு வேறொருவர் வேண்டியிருந்தது.

அந்த வேலையைச் செய்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. திருச்சிராப்பள்ளிக்கு அருகே குளத்தூரில் 1826இல் பிறந்து, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக இருந்தவர். அவருடைய ‘நீதிநூல்’ 1859இல் வெளிவந்தது. வடிவம் பழைய செய்யுள்தான். உள்ளே புகுந்த ஆட்கள் புதியவர்கள். கைக்கூலி வாங்குவோரைப் பற்றித் தனி அதிகாரமே எழுதினார். நீதிமன்றத்தில் நாள்தோறும் உட்கார்ந்திருந்தவருக்கு அதை எழுதக் கற்பனை தேவைப்பட்டிருக்காது. பத்தாண்டு கழித்து 1869இல் ‘பெண்மதி மாலை’யை வெளியிட்டுப் பெண் கல்விக்காக வாதாடினார். அறிவுரையைச் செய்யுளில் மட்டும் சொன்னால் போதாது என்று கண்டவர்போல, 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தையும் கொடுத்தார். தமிழின் முதல் நாவல் என்று கொண்டாடப்படும் அதில் பக்கத்துக்குப் பக்கம் புத்திமதி வருவது சிலருக்கு அலுப்புத் தரலாம். கதைக்காகப் புத்திமதியா, புத்திமதிக்காகக் கதையா என்ற கேள்விக்கு அந்த முன்சீப் இரண்டாவதையே தேர்ந்திருப்பார்.

நீதிநூல் வந்த அதே 1859இல் லண்டனில் சாமுவேல் ஸ்மைல்ஸின் ‘செல்ஃப் ஹெல்ப்’ வெளியானது. லீட்ஸ் நகரத்து இளம் தொழிலாளர்களிடையே பேசிய பேச்சுகளிலிருந்து வளர்ந்த நூல் அது. எளிய குடும்பத்தில் பிறந்து உழைப்பால் உயர்ந்த பொறியாளர்கள், கண்டுபிடிப்பாளர்களின் வரலாறுகளை அடுக்கி, நீயும் முயன்றால் ஆகலாம் என்று சொன்னது. அதுவும் வேதநாயகரின் நூலும் ஒன்றையொன்று அறியாதவை. ஆனால் பின்னால் தமிழில் ‘முன்னேற்ற நூல்’ என்று பெயர் பெற்ற வகைக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு என்றால், ஒன்று இங்கேயே இருந்த நீதிநூல் மரபு. மற்றொன்று ஆங்கிலத்தில் அப்போது பிறந்துகொண்டிருந்த இந்தத் தன்முயற்சி இலக்கியம். இரண்டும் ஒருவர் கையில் வந்து கலந்தது அரை நூற்றாண்டுக்குப் பிறகு. அந்தக் கை அப்போது சிறையில் இருந்தது.

வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு 1908 ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். பின்பு கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டு 1912 டிசம்பரில் விடுதலையானார். சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்தியவர், தொழிலாளரைத் திரட்டியவர் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அதே சிறைவாசத்தில் அவர் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரைத் தமிழில் பெயர்த்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆலன் லெஸ்டரில் எளிய குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே தந்தையை இழந்து வேலைக்குப் போனவர். அவருடைய ‘ஆஸ் எ மேன் திங்கெத்’ 1903இல் வந்த சிறு நூல். ஒருவனுடைய எண்ணமே அவனுடைய குணத்தையும் சூழலையும் உடலையும் ஆக்குகிறது என்பது அதன் சாரம். வ.உ.சி. அதை ‘மனம் போல வாழ்வு’ ஆக்கினார், 1909இல் வெளிவந்தது. விடுதலைக்குப் பிறகு 1914இல் ‘அகமே புறம்’, 1916இல் ‘வலிமைக்கு மார்க்கம்’, பல ஆண்டுகள் கழித்து 1934இல் ‘சாந்திக்கு மார்க்கம்’ என்று ஆலனின் மற்ற எழுத்துகளும் வந்தன.

அரசை எதிர்த்துத் தண்டனை பெற்றவர், சூழ்நிலை மனத்தின் விளைவு என்று சொல்லும் ஒருவரை ஏன் தேடிப் பிடித்தார் என்பது யோசிக்கத்தக்கது. செக்கை இழுப்பவனிடம் உன் நிலைக்கு உன் எண்ணமே காரணம் என்று சொல்வது கொடுமையாகக்கூடத் தோன்றலாம். வ.உ.சி.க்கு அது அப்படிப் படவில்லை. வினைப்பயனை ஏற்கும் சைவப் பின்னணியிலும் குறளிலும் ஊறியவருக்கு ஆலனின் பேச்சு பழகிய குரலாகக் கேட்டிருக்க வேண்டும். அவருடைய சொந்த நூல்களே இதற்குச் சாட்சி. சிறையில் உருவான ‘மெய்யறம்’ 125 அதிகாரங்களில், அதிகாரத்துக்குப் பத்து அடியாக, மாணவனில் தொடங்கி இல்வாழ்வு, அரசு என்று மெய்யுணர்வு வரை செல்கிறது; குறளின் வைப்புமுறை அதன் பின்னால் தெரிகிறது. 1914இல் அதுவும், அடுத்த ஆண்டு ‘மெய்யறிவு’ம் அச்சாயின. 1917இல் குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். வழக்கறிஞர் தொழிலுக்கான உரிமை பறிபோய், கையில் காசில்லாத காலத்தில் நடந்த வேலைகள் இவை. ஆலனையும் வள்ளுவரையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தவர் என்ற வகையில், தமிழ் முன்னேற்ற நூலின் தொடக்கப் புள்ளியாக வ.உ.சி.யைக் கொள்வதே பொருத்தம். கப்பலோட்டியவர் என்ற பட்டம் இந்தப் பணியை மறைத்துவிட்டது.

அதே தலைமுறையில் பாரதி பழைய வடிவத்தையே எடுத்துத் திருப்பிப் போட்டார். அவருடைய ‘புதிய ஆத்திசூடி’யில் 110 அடிகள். ஔவையின் சுருக்கமும் அகரவரிசையும் அப்படியே இருக்க, அடக்கத்தைக் கற்பித்த இடத்தில் அஞ்சாமையும் நிமிர்ந்த நடையும் வந்து உட்கார்ந்தன. ராஜாஜி வேறு திசையில் போனார்: ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் சிந்தனைகளையும் சாக்ரடீஸின் வரலாற்றையும் தமிழ் வாசகர்களுக்குக் கொண்டுவந்தார்.

நாட்டு விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் குறள் மறுபடி நடுவிடத்துக்கு வந்தது. 1949 ஜனவரியில் பெரியார் சென்னையில் திருக்குறள் மாநாடு கூட்டினார். புராணத்துக்கு மாற்றாக மக்கள் கையில் கொடுக்கத்தக்க நூலாக அவர் அதைக் கண்டார். அதே ஆண்டில் மு.வரதராசனின் ‘திருக்குறள் தெளிவுரை’யைச் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் வெளியிட்டது. பரிமேலழகர் உரையின் இலக்கணக் காட்டுக்குள் நுழைய முடியாதவருக்கு இரண்டு மூன்று வரிகளில் பொருள் சொன்ன சிறிய கையடக்க நூல் அது. பரிசளிப்பு விழா, திருமணம், பிரிவுபசாரம் எதுவானாலும் கொடுக்க அதுவே வசதியாக இருந்தது. அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என்று கடித வடிவில் மு.வ. எழுதிய நூல்கள் அறிவுரையின் குரலையே மாற்றின. ஆத்திசூடி ஆணையிட்டது, மு.வ.வின் கடிதம் பக்கத்தில் உட்கார்ந்து பேசியது. கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை மாணவனுக்கு வீட்டில் இல்லாத படித்த அண்ணன் அந்தப் பக்கங்களில் கிடைத்தார்.

தொண்டியில் பிறந்த அப்துற் றஹீம் இந்த வகையை முழுநேரத் தொழிலாகவே செய்தார். ‘வாழ்க்கையில் வெற்றி’, ‘கவலைப்படாதே’ போன்ற நூல்களில் உலகத் தலைவர்கள், அறிஞர்கள், வணிகர்களின் வாழ்க்கைத் துணுக்குகளைக் கோத்து எழுதுவது அவருடைய பாணி. ஸ்மைல்ஸ் தொடங்கிவைத்த முறையின் தமிழ் வாரிசு அவர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக அறியப்பட்ட தமிழ்வாணன் ‘கல்கண்டு’ வழியாகவும் மணிமேகலைப் பிரசுரம் வழியாகவும் வேறொரு வாசகரைப் பிடித்தார். ஆங்கிலம் பேசுவது எப்படி, தொழில் தொடங்குவது எப்படி, உடம்பைப் பேணுவது எப்படி என்று நாளைக்கே தேவைப்படும் காரியங்களுக்கான சிறு நூல்கள் அவை. இலக்கியவாதிகள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. தபாலில் வரவழைத்துப் படித்த சிற்றூர் இளைஞருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

இந்த நூல்கள் ஊர் ஊராகச் சென்று சேர்ந்ததற்கு நூலகங்களே பெரிய காரணம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூலையும் ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகரையும் சேர்த்துவைப்பதைப் பற்றியவை. அவருடைய முயற்சியால், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் இத்தகைய சட்டத்தை இயற்றிய முன்னோடி மாகாணங்களில் ஒன்றாகச் சென்னை ஆனது. கிளை நூலகத்தின் அலமாரிகளில் துப்பறியும் கதைகளுக்கு அடுத்தபடி அட்டை கிழிந்து கிடப்பவை முன்னேற்ற நூல்களே. 1967க்குப் பின் அரசுப் பேருந்துகளில் குறள் எழுதிய பலகைகள் வந்தன; புத்தகத்தைத் தொடாதவருக்கும் நாளொரு குறள் கண்ணில் பட்டது.

எம்.எஸ்.உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ வந்தபோது வட்டம் பெரிதானது. அமெரிக்காவில் வேதியியல் பேராசிரியராகவும் தொழில்முனைவராகவும் இருந்து தமிழில் எழுதியவர் அவர். எண்ணத்தின் வலிமை என்ற அவருடைய மையக் கருத்து, வ.உ.சி. சிறையில் மொழிபெயர்த்ததன் நேர் தொடர்ச்சி. ஆனால் வ.உ.சி.யின் வாசகனுக்கு ஒழுக்கம் முதலில் வந்தது. உதயமூர்த்தியின் வாசகனுக்கு வேலையும் தொழிலும் முதலில் வந்தன. 1988இல் கே.பாலசந்தர் ‘உன்னால் முடியும் தம்பி’ படத்தின் நாயகனுக்கு உதயமூர்த்தி என்றே பெயர் வைத்தார். அதே ஆண்டில் உதயமூர்த்தி மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கினார். தனிமனித முன்னேற்றம் பேசிய எழுத்து பொதுவாழ்வுக்குத் தாவிய அபூர்வமான இடம் அது.

1990களுக்குப் பிறகு சந்தை விரிந்தது. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியில் முன்னேற்ற நூல்களும் தவறாமல் இடம்பெற்றன. 1999இல் ஆங்கிலத்தில் வந்த அப்துல் கலாமின் தன்வரலாறு ‘அக்னிச் சிறகுகள்’ ஆகித் தமிழ்ப் பள்ளிகளின் நிரந்தரப் பரிசுப் புத்தகமாயிற்று. டேல் கார்னகியிலிருந்து ரோண்டா பைர்ன் வரை அமெரிக்க நூல்கள் தடித்த தமிழ் மொழிபெயர்ப்புகளாக வந்து நிறைந்தன. அவற்றின் எடுத்துக்காட்டுகள் விற்பனைப் பிரதிநிதிகளையும் நிறுவன மேலாளர்களையும் சுற்றியே இருக்கும். விவசாயியோ நெசவாளியோ அவற்றில் தலைகாட்டுவது அரிது.

பழைய நீதிநூல் வேறு வழியாகத் திரும்பி வந்தது. திருக்குறளைப் பள்ளிகளில் விரிவாகக் கற்பிக்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016இல் தீர்ப்பளித்தது. அதையொட்டி, அறத்துப்பாலிலிருந்தும் பொருட்பாலிலிருந்தும் 105 அதிகாரங்களை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பகிர்ந்து கற்பிக்கத் தமிழக அரசு 2017இல் ஆணையிட்டது.